நிறம்பல்லி நிற்கும் காடு



பனிமலை உச்சிகளில் வளரும் ஊசியிலை மரங்களைப் பற்றி இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் பேசும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். பெரியாறு இரண்டாகப் பிரிந்து அணைத்துக்கொண்டிருக்கும் இந்த ஏலூர்த் தீவு கடல்மட்டத்தை ஒட்டிக் கிடக்கிறது. இங்கே உட்கார்ந்து பனிமரத்தைப் பேசுவதை எங்கிருந்து தொடங்குவது என்ற யோசனையோடுதான் நேற்று மாலை மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தேன். அங்காடி மருந்து விற்கும் ஒரு கடையில் தாளிசபத்திரி இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் ஒரு கை நிறைய அள்ளிக் காகிதத்தில் போட்டார். காய்ந்து பழுப்பேறிய குச்சி குச்சியான இலைகள். ஒன்றை எடுத்துத் திருப்பினால் அடிப்பக்கத்தில் நடுநரம்பின் இருபுறமும் வெளிறிய இரண்டு கோடுகள். நுனி கூர்மையாக இல்லாமல் சற்றே பிளந்திருக்கும்.

நம் பாட்டிமார் இருமலுக்குத் தேனில் குழைத்துக் கொடுத்த தாளிசாதி சூரணத்தின் தலைச்சரக்கு இது. அதில் சேரும் மிளகும் ஏலமும் நம் மலைச் சரக்கு. தாளிசம் மட்டும் இமயத்திலிருந்து வருகிறது. ஏபீஸ் ஸ்பெக்டாபிலிஸ் என்பது தாவரவியலார் வைத்த பெயர். 2,800 மீட்டரிலிருந்து 4,000 மீட்டர் வரை, பல இடங்களில் மரக்காட்டின் கடைசி எல்லைவரை, அது நிற்கிறது. பனிமலை மரத்தைத் தமிழ்வீடுகள் பல தலைமுறைகளாகத் தேனோடு விழுங்கியிருக்கின்றன. மரத்தைத்தான் நாம் பார்த்ததில்லை.

ஆகவே முதலில் அந்த மரத்தைப் பார்த்துவிடுவோம்.

இமயத்தில் மேலே ஏறுகிறவர்களுக்குக் காடு படிப்படியாக மாறுவது தெரியும். கீழே சீர் எனப்படும் பைன், அதற்கு மேல் தேவதாரு, நீலப் பைன், இன்னும் மேலே தாளிசம். தாளிசத்தோடு கூடவே ஏறி வருவது பூர்ஜ மரம். அதன் பட்டையில்தான் வடநாட்டில் ஒரு காலத்தில் எழுதினார்கள். இடையிடையே குட்டையான ரோடோடென்ட்ரான் புதர்கள். பிறகு ஒரு கட்டத்தில் மரங்கள் குள்ளமாகி, காற்றடிக்கும் பக்கம் கிளையில்லாமல் முறுகி, பாறை மறைவில் ஒண்டி, நின்றுபோகின்றன. அதற்கு மேல் புல்வெளி. இமயத்தின் சில பகுதிகளில் தாளிசம் நின்றுபோன பிறகும் ஜூனிப்பர் மட்டும் தரையோடு படர்ந்து மேலே போகிறது. லடாக்கில் அதை ஷுக்பா என்கிறார்கள். வீட்டுக்கும் மடத்துக்கும் அதன் புகைதான் தூபம். தென்கிழக்குத் திபெத்தில் ஜூனிப்பர் மரங்கள் 4,900 மீட்டர் உயரத்தில் நிற்கின்றன. வட அரைக்கோளத்தில் மரம் ஏறிய உச்சி அதுதான்.

மரம் ஏன் ஓர் இடத்தோடு நின்றுவிடுகிறது? பனியின் பாரம், கடுங்காற்று என்று பொதுவாகச் சொல்வோம். அவை கிளையை முறிக்கும், மரத்தைக் குள்ளமாக்கும். எல்லைக் கோட்டை வரைவது வேறொன்று. கிறிஸ்டியன் கோர்னர் என்ற, சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய தாவரவியலார் உலகமெங்கும் மர எல்லைகளில் மண்ணின் வெப்பத்தை அளந்து பார்த்தார். வளரும் பருவத்தின் சராசரி வெப்பம் ஏறக்குறைய 6.4 பாகை செல்சியஸுக்குக் கீழே போகும் இடத்தில், அது எந்தக் கண்டமாக இருந்தாலும், மரம் நின்றுவிடுகிறது. அந்தக் குளிரிலும் இலை உணவு தயாரித்துக்கொண்டேதான் இருக்கிறது. அந்த உணவைக் கொண்டு புதிய திசுவைக் கட்டும் வேலை நின்றுபோகிறது. செங்கல்லும் மணலும் வந்து குவிந்திருக்க, கொத்தனார் கை விறைத்து உட்கார்ந்திருக்கும் வீடு மாதிரி.

அந்த எல்லைவரை ஊசியிலை மரங்களால் போக முடிவதற்கு அவற்றின் உடற்கட்டு காரணம். மாமரத்துக்கும் தேக்குக்கும் தண்ணீர் ஏறும் குழாய்கள் அகலமானவை. தண்ணீர் உறைந்தால் அதில் கரைந்திருந்த காற்று குமிழியாகப் பிரியும். உருகும்போது அந்தக் குமிழி பெருத்துக் குழாயை அடைத்துவிடும். ஊசியிலை மரங்களின் நாளங்கள் மிகக் குறுகியவை. அவற்றில் உண்டாகும் குமிழியும் மிகச் சிறியது, பனி உருகியதும் நீரிலேயே கரைந்துபோகும். அகலக் குழாயைப்போல அவை வேகமாகத் தண்ணீர் ஏற்றுவதில்லை, அதனால் மரம் மெதுவாகத்தான் வளரும். இலையைக் குறுக்கி, மேலே மெழுகு பூசி, ஆண்டுக்கணக்கில் உதிர்க்காமல் வைத்துக்கொள்வதும் சிக்கனம்தான். குறுகிய கோடைக்காக ஆண்டுதோறும் புது இலை விடும் செலவு அதற்குக் கட்டாது.

தாளிசத்துக்கு இன்று இரண்டு கவலைகள். மருந்துக் கடைகளில் அதே பெயரில் இமய யூ மரத்தின் இலையும் விற்கிறது. அந்த இலை நஞ்சு. அதே சமயம், புற்றுநோய்க்குத் தரும் டாக்சால் மருந்து யூ இனத்து மரங்களிலிருந்து வந்தது. அது தெரிந்த பிறகு இமயத்து யூ மரங்களை மொட்டையடித்தார்கள். 1995-இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டியதாயிற்று. இன்னொரு கவலை வெப்பம். நேபாளத்தின் மனாஸ்லுப் பகுதியில் தாளிச மரங்களின் வளையங்களை எண்ணிப் பார்த்தவர்கள், அவற்றின் மேல்எல்லை ஏறிக்கொண்டே வருவதைக் கண்டிருக்கிறார்கள். ஏறுவதற்கு மலை இருக்கும்வரை ஏறும்.

இனி நம் மலைக்கு வருகிறேன். இன்று நான் சொல்ல வந்தது இங்கேதான் இருக்கிறது.

தென்னாட்டில் ஊசியிலை மரம் உண்டா என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் கொடைக்கானல் பைன் காட்டைச் சொல்வார்கள். இங்கே இருப்பவர்கள் வாகமண் பைன் காட்டைச் சொல்வீர்கள். எத்தனை திரைப்படப் பாடல்களில் பார்த்திருக்கிறோம். ஆனால் அவை நட்ட மரங்கள். கொடைக்கானலிலும் நீலகிரியிலும் பெரிதும் நட்ட பைனஸ் பாட்டுலா மெக்சிகோ நாட்டு மரம். ஊட்டியில் வேலிபோல நிற்கும் சைப்ரஸ் கலிபோர்னியாவின் மான்டரே கடற்கரையைச் சேர்ந்தது. தேவாலய முற்றங்களில் அடுக்கடுக்காக நிற்கும் அரௌகேரியா தென்கடல் தீவுகளிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்தது. நம் மலை உச்சிகளுக்கு உரியவை புல்வெளியும், பள்ளங்களில் சோலையும். அந்தப் புல்வெளி தரிசு என்று எண்ணி, பைனையும் சீகையையும் யூகலிப்டஸையும் கொண்டுபோய் நட்டார்கள். பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பது ஆண்டுகளில் மறைந்துவிட்டதை 2018-இல் வெளியான ஆய்வு செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு காட்டியது. மழையை உறிஞ்சி வைத்துக் கோடையில் ஓடையாக விட்டுக்கொண்டிருந்த புல் அது.

நட்டவர்கள் கெட்ட எண்ணத்தில் நடவில்லை. மலை என்றால் ஊசியிலை மரம் இருக்க வேண்டும் என்ற படம் அவர்கள் மனத்தில் இருந்தது. அந்தப் படம் ஐரோப்பாவிலிருந்து வந்தது, பிறகு இமயத்திலிருந்து வந்தது. பனிமலையின் கண்ணைக் கடன் வாங்கி நம் மலையைப் பார்த்தோம். அந்தக் கண்ணுக்கு நம் மலையில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த ஊசியிலை இனத்து மரம் ஒன்று படவேயில்லை.

அந்த மரத்தின் பெயர் நிறம்பல்லி. மலையாளிகள் அப்படிச் சொல்கிறார்கள். தமிழ்ப் பக்கத்தில் நரம்பாலி, நிரம்பாலி என்கிறார்கள். தாவரவியல் பெயர் நாகேயா வாலிச்சியானா. தென்னிந்தியாவுக்கு இயற்கையாக உரிய கூம்புத்தாவரம் இது ஒன்றுதான். அகத்தியமலை, திருநெல்வேலி மலைகள், பெரியாறு புலிகள் காப்பகம், கவி ஆகிய இடங்களின் மழைக்காட்டில், பெரும்பாலும் 900 மீட்டருக்கு மேல், ஒன்றிரண்டாகச் சிதறி நிற்கிறது. இதே மரம் வடகிழக்கு மலைகளிலும் இருக்கிறது. அங்கிருந்து பர்மா, மலேயா வழியாக நியூகினி வரை போகிறது.

வாலிச் என்பவர் டென்மார்க்கிலிருந்து வந்த மருத்துவர், கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் பொறுப்பாளராக நெடுங்காலம் இருந்தவர். இமயத்தின் நீலப் பைனுக்கும் அவர் பெயர்தான், நான் முன்பு சொன்ன யூ மரத்துக்கும் அவர் பெயர்தான். பெயரால் மூன்றும் உடன்பிறந்தவை. ஆனால் நிறம்பல்லியை மற்ற இரண்டின் பக்கத்தில் நிறுத்தினால் யாரும் உறவென்று சொல்லமாட்டார்கள்.

காரணம் அதன் இலை. உள்ளங்கை நீளத்துக்கு, இரண்டு மூன்று விரல் அகலத்துக்கு, பளபளவென்று தோல்போலத் தடித்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் நாவல் வகை ஏதோ ஒன்று என்று கடந்துபோய்விடுவோம். நான் முதல்முறை அப்படித்தான் கடந்துபோனேன். கூட வந்த வனக்காவலர் கீழே கிடந்த ஓர் இலையை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்து, "நடுவிலே நரம்பு இருக்கா பாருங்க சார்" என்றார். இல்லை. காம்பிலிருந்து நுனிவரை மெல்லிய நரம்புகள் வீணைக் கம்பிகள்போல இணையாக ஓடுகின்றன, ஒன்றும் பெரிதில்லை, ஒன்றும் சிறிதில்லை. நாவல் இலையிலோ மா இலையிலோ பலா இலையிலோ இப்படிப் பார்க்க முடியாது. நரம்பாலி என்ற பெயர் அதற்குப் பிறகு என் காதில் வேறு மாதிரி ஒலிக்கத் தொடங்கியது.

இன்னொன்று, இதில் பைன் கூம்பு போன்ற விதைக்கூம்பும் இல்லை. பெண்மரத்தில் கோலிக்குண்டு அளவில் சதை மூடிய விதை உருண்டையாகத் தொங்கும். பழம் என்றே நினைப்போம். ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு.

நம் பாடநூல்களில் இந்த இனத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களை இப்போது நினைத்துப் பாருங்கள். ஊசியிலை மரம் என்கிறோம். நம் நாட்டு மரத்துக்கு ஊசியிலை இல்லை. கூம்புத்தாவரம் என்கிறோம். கூம்பு இல்லை. பனிநாட்டு மரத்தைப் பார்த்துப் பிறமொழியார் செய்த சொல்லை நாம் தமிழாக்கினோம். இந்த இனத்தில் நம் மலைக்கு உரிய ஒரே மரம் அந்தச் சொல்லுக்கு வெளியே நின்றுபோயிற்று. பள்ளிப் பிள்ளை அந்த வரையறையை மனப்பாடம் செய்துகொண்டு தேக்கடிக்குப் போனால், நிறம்பல்லியின் அடியில் நின்றுகொண்டே இங்கே ஊசியிலை மரம் இல்லை என்று எழுதிவிட்டு வரும். பாடநூல் எழுதுகிறவர்கள் இந்த அவையில் இருந்தால் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இலை ஏன் இப்படி அகன்றது? தாளிசத்தின் பகை குளிர். நிறம்பல்லியின் பகை நிழல். மழைக்காட்டில் வெடிபலாவும் பாலியும் மேலே கூரை வேய்ந்துவிட்ட பிறகு தரைக்கு வரும் ஒளி சொற்பம். ஊசி இலையால் அந்த ஒளியைப் பிடிக்க முடியாது. பூக்கும் தாவரங்கள் வெப்பமண்டலத்தைப் பிடித்துக்கொண்ட காலத்தில் ஊசியிலை மரங்கள் பெரும்பாலும் குளிருக்கும் வறண்ட பாறைக்கும் ஒதுங்கிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். போடோகார்ப் என்னும் இந்தக் குடும்பமோ இலையைத் தட்டையாக்கி நிழலிலேயே நின்று பார்த்தது. நிறம்பல்லி அந்த முயற்சியில் மிகத் தூரம் போன மரம். நடுநரம்பு ஒன்றை வைத்துக் கிளைநரம்பு பிரிக்கும் வித்தை அதற்கு வாய்க்கவில்லை. அதனால் அடியிலிருந்தே பல நரம்புகளை இழுத்து அகலமான இலைக்குத் தண்ணீர் கொடுக்கிறது. பழைய தறியில் புது அகலத்துக்கு நெய்த துணி.

இந்தக் குடும்பத்தில் 170-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றில் ஒன்று மெய்யாகவே பனிமலை மரம். ஆஸ்திரேலியாவின் ஆல்ப்ஸ் மலையில், கோஸியஸ்கோ சிகரத்தைச் சுற்றிய பாறைச் சரிவுகளில், போடோகார்பஸ் லாரன்சி தரையோடு தரையாகப் பாறையைத் தழுவிப் படர்ந்திருக்கிறது. குளிர்காலம் முழுவதும் பனிக்கு அடியில் கிடக்கும். அதன் சிவந்த கனியைத் தின்று, அந்தப் பாறை இடுக்கிலேயே உறங்கி எழும் ஒரு குட்டிப் பாலூட்டி உண்டு. மலைக் குள்ளப் பாஸம் என்பார்கள், எலியளவுதான். 2003-இல் அந்த மலைகளில் பெருந்தீ பரவியபோது நூற்றாண்டு வயதான புதர்கள் கருகின. அவற்றை மீட்பது எளிதில்லை. அவை மிக மிக மெதுவாகத்தான் தடிக்கும். நிழலில் நெடுமரமாக நிற்கும் நம் நிறம்பல்லியும், பனியில் கொடிபோலக் கிடக்கும் அதுவும் ஒரே குடும்பம். இடத்தை மாற்றினால் இரண்டும் பிழைக்காது.

இந்தக் குடும்பத்தின் தடம் தமிழ் மண்ணில் வேறொரு விதத்திலும் இருக்கிறது. விழுப்புரம் பக்கத்தில் திருவக்கரை. வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் பௌர்ணமிதோறும் கூட்டம் போகிறது. கோயிலுக்குச் சற்றுத் தள்ளித்தான் கல்மரப் பூங்கா. 1781-இலேயே சோனெரா என்ற பிரெஞ்சு இயற்கையியலார் அந்தக் கல்மரங்களைப் பற்றி எழுதினார். சுமார் இரண்டு கோடி ஆண்டுப் பழமை என்கிறார்கள். பெரும்பாலானவை பூக்கும் மரங்கள். அவற்றுக்கு நடுவே கிடைத்த ஒரு மரத்தை 1931-இல் பீர்பால் சாஹ்னி மறுபடி ஆராய்ந்து, போடோகார்ப் சாயல் கொண்ட கட்டை என்று வகைப்படுத்தினார். நிறம்பல்லியின் நேர் மூதாதை என்று அதை நான் சொல்லவில்லை. இன்று வெயிலில் வெந்துகிடக்கும் அந்தச் செம்மண் மேட்டில் ஒருகாலத்தில் இந்தச் சாயல் உள்ள மரம் நின்றது, இன்று மலைக்காட்டில் மட்டும் நிற்கிறது என்பதைச் சொல்கிறேன்.

கவிக்கு நான் போயிருந்தபோது ஏலக்காட்டில் வேலை முடித்து வந்துகொண்டிருந்த ஓர் அம்மாளோடு பேசிக்கொண்டிருந்தேன். இலங்கை மலையகத்தில் பிறந்தவர். 1964-ஆம் ஆண்டு ஸ்ரீமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதிவைத்ததே, அந்தக் கணக்கில் ஒருவர். கேரள வனவளர்ச்சிக் கழகம் தாயகம் திரும்பியவர்களுக்கு ஏலத்தோட்ட வேலை கொடுத்துக் கவியில் குடியமர்த்தியது. "நாங்க இருந்த பக்கம் பைன் மரம் நட்டுட்டாங்கய்யா, கீழ ஒரு புல்லு முளைக்காது" என்றார். நிறம்பல்லியைக் காட்டிக் கேட்டேன். "இது கீழ எல்லாம் முளைக்கும்" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "களை வெட்டுறப்ப கன்னு எது களை எதுன்னு யாரு பார்க்கிறா" என்றார்.

நான் பல கட்டுரைகளில் படித்ததைவிடத் தெளிவான விளக்கம் அது. ஏலத்துக்கு நிழல் வேண்டும், ஆகவே பெரிய மரத்தை விட்டுவைப்பார்கள். அடிக்காட்டை ஆண்டுக்கு ஆண்டு வெட்டுவார்கள். மேலே பார்த்தால் காடு, கீழே பார்த்தால் அடுத்த தலைமுறை இல்லை. அதிலும் ஆண், பெண் தனித்தனியாக உள்ள மரத்துக்கு இது இரட்டை இழப்பு. கிழப் பெண்மரம் ஒன்று தனியே நிற்கும். மகரந்தம் வந்து சேரும் தொலைவில் ஆண்மரம் இருக்காது. எண்ணிக்கைக் கணக்கில் அது உயிரோடிருக்கும் மரம்.

ஏலூருக்கு இந்தக் காட்டோடு என்ன தொடர்பு என்று கேட்கலாம். பெரியாறு சிவகிரி மலைகளில் பிறந்து 244 கிலோமீட்டர் ஓடி இந்தத் தீவைச் சுற்றிக் கடலுக்குப் போகிறது. நிறம்பல்லி நிற்கும் மழைக்காடு அதன் தலைமாடு, நாம் கால்மாட்டில் இருக்கிறோம். இன்னொரு தொடர்பும் உண்டு, இங்குள்ள பழைய தொழிலாளர் குடும்பங்களுக்குத் தெரிந்திருக்கும். திருச்சியைச் சேர்ந்த சேஷசாயி சகோதரர்கள் முன்னின்று 1943-இல் தொடங்கிய ஃபாக்ட் உரத்தொழிற்சாலை 1947-இல் உற்பத்தியைத் தொடங்கியபோது, அம்மோனியா செய்ய நிலக்கரியும் இல்லை, நாப்தாவும் இல்லை. விறகை எரித்து வாயுவாக்கித்தான் அதைச் செய்தார்கள். பஞ்ச காலத்தில் வயலுக்கு உரம் வேண்டியிருந்தது, காடு கொடுத்தது. அந்த ஆலையை நம்பித்தான் உங்களில் பலருடைய தாத்தாமார் பாலக்காட்டுக் கணவாய் தாண்டி இங்கே வந்தார்கள். அதைக் குற்றமாக நான் சொல்லவில்லை, கடனாகச் சொல்கிறேன். அந்தக் கடனுக்கு இன்றுவரை ஏலூர் ஒரு தவணைகூடக் கட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வேண்டுகோள்கள் வைக்கிறேன்.

மலையில் மரம் நடும் விழாவுக்கு யாராவது நன்கொடை கேட்டு வந்தால், எந்த மரம், எந்த இடம் என்று கேளுங்கள். புல்வெளியில் பைன் நடுவதற்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். நிறம்பல்லியையும் கொண்டுபோய்க் கண்ட இடத்தில் நடவேண்டாம். அதன் காட்டில் அதன் கன்றைக் களைகொத்தியிலிருந்து காப்பாற்ற ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க முடிந்தால் அதற்குக் கொடுங்கள்.

மற்றது பிள்ளைகளுக்கு. தேக்கடிக்கும் கவிக்கும் இங்கிருந்து ஒரு நாளில் போய்வந்துவிடலாம். யானை பார்த்தோம், படகு போனோம் என்று திரும்பாமல், வனத்துறை வழிகாட்டியிடம் நிறம்பல்லியைக் காட்டச் சொல்லுங்கள். அவருக்குத் தெரியும். கீழே உதிர்ந்துகிடக்கும் ஓர் இலையை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பிள்ளைக்கு அந்த நரம்புகளைக் காட்டுங்கள். காட்டிவிட்டு அந்த இலையை அங்கேயே போட்டுவிட்டு வாருங்கள்.